எட்டாவது தோட்டா
லைல் என் தோட்டாப் பெட்டியில் கைவிட்டு எட்டைப் பொறுக்கியபோது நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்: கடவுளே, இவை மெதுவாகப் போகட்டும்.

எங்கள் நெப்ராஸ்கா துப்பாக்கிச் சங்கத்தில் வேகம் பார்க்கிறவர் அவர். போட்டிக்கு வந்தவர்களின் தோட்டாவை அவரவர் துப்பாக்கியிலேயே போட்டுச் சுட்டு, வேகமானியில் எண் பார்ப்பார். குண்டின் எடையும் வேகமும் சேர்ந்து ஓர் அளவைத் தொடவேண்டும். தொடாவிட்டால் மதிப்பெண் பூஜ்யம். எனக்கு அந்தப் பூஜ்யம்தான் வேண்டியிருந்தது. இதில் தேறினால் தேசியப் போட்டி. இன்னொரு வருஷத்துச் சனிக்கிழமைகளும் பயிற்சியிலேயே போச்சு.

வேண்டாம் என்று சொல்லித் தொலைக்கலாம்தான். ஆனால் போன அறுவடையில் தானியம் ஏற்றும் எந்திரத்தில் சிக்கி என் கணவன் வெண்டலுக்கு மூன்று விரல்கள் போய்விட்டன. மாநிலத்திலேயே வேகமான கை அது. அன்றிலிருந்து அவன் சுடுவதெல்லாம் என் கையால்தான். குண்டு வார்ப்பது, தோட்டாவில் வெடிமருந்து நிரப்புவது எல்லாம் அவனே. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவன்மேல் எனக்குக் கோபம், அதைவிட என்மேல்.

லைல் ஒரு தோட்டாவிலிருந்து குண்டைக் கழற்றி எடை போட்டார். ஆறைச் சுட்டார்.

"கொஞ்சூண்டு குறையுதே வெண்டல். மருந்துல கஞ்சத்தனம் பண்ணிட்டியா?"

"உதைப்பு கம்மியா இருக்கட்டும்னு பாத்தேன்யா. இவ மணிக்கட்டு பாவம்ல." வெண்டலின் முகம் வெளுத்துவிட்டது.

மிச்சம் ஒன்று. அதையும் எடை போடலாம், இல்லை சுட்டுப் பார்க்கலாம். முடிவு போட்டியாளருடையது. முதலில் கழற்றிய குண்டு வழக்கத்தைவிட இலேசு. இன்னொன்றை எடை போட்டால் கனம் கூடி அநேகமாகத் தேறிவிடும். சுட்டால் தேறுவது அபூர்வம். ஒற்றைக் குண்டின் வேகம் மொத்தச் சராசரியையும் தூக்கவேண்டும்.

"எடை போடச் சொல்லு கண்ணு," என்றான் வெண்டல்.

"சுடுங்க லைல்," என்றேன்.

"அடிப்பாவி! கவுத்துட்டியேடி!"

லைல் சுட்டார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அட! மயிரிழையில தேறிட்டம்மா!"

வெண்டல் என்னைத் தூக்கிச் சுற்றினான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை.

"பாத்தியாய்யா, சந்தோஷத்துல அழறா," என்று லைலிடம் பெருமையாகச் சொன்னான். பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டு, காதருகில் குனிந்து, "அடுத்த வருஷமும் உன்ன இப்படி அழவெக்கிறேன் பாரு," என்றான்.