மணிக்கட்டு வழியே

டாலட் என்ற ஆற்றங்கரை ஊரில் மே சின் என்ற சிறுமியின் ரத்தக் கொழுப்பு, தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல், தாயின் மணிக்கட்டுக்குள் முதன்முதலாக இறங்கியது தவக்காலத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், படகுத்துறைப் பெஞ்சில். அந்தப் பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. முட்டியிலும் முழங்கையிலும் மஞ்சள் கட்டிகள் புடைத்திருந்தன. அப்பா திங் கீ ஹுவாட், இரும்புக்கடை வைத்திருந்த ஃபூச்சோ சீனர். சிமெண்டு மூட்டையைத் தோளில் ஏற்றியவர் இறக்கிவைக்காமலே செத்துப்போனார். அம்மா அக்னெஸ் சிபான் மெலனாவ் பழங்குடிப் பெண், சந்தையில் கருவாடு விற்பவள். அவளுடைய தம்பியும் ஆற்றில் வலை வீசிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவன்தான்.

சிபு நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹோ என்ற அம்மாள் விளக்கியிருந்தார். ரத்தத்திலிருந்து கொழுப்பை உள்வாங்கும் கதவுகள் உடம்பில் உண்டு. அந்தக் கதவில் திங் குடும்பத்து வழியில் ஒரு பிழை, சிபான் குடும்பத்து வழியில் வேறொரு பிழை. ஒன்றை மட்டும் சுமப்பவர் நடுவயது வரை தள்ளிவிடலாம். இரண்டும் இந்தப் பிள்ளையிடம் சேர்ந்துவிட்டன. மாத்திரை எடுபடவில்லை. ரத்தத்தைக் கழுவும் இயந்திரம் கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கும் வரிசை நீளம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மே சின் நெஞ்சு வலியில் துடித்தபோது அக்னெஸ் செய்வதறியாமல் அவள் கையைத் தன் கையோடு சேர்த்து அழுத்தினாள். இளஞ்சூடான தேங்காயெண்ணெய் போல ஏதோ முழங்கை வரை ஏறியது. பிள்ளை தூங்கிவிட்டாள். அடுத்த பரிசோதனையில் மகளுக்கு இறங்கியிருந்தது, தாய்க்கு ஏறியிருந்தது. ரத்தக் குப்பி மாறிவிட்டதென்று டாக்டர் மறுபடி எடுத்துப் பார்த்தார். மாறவில்லை.

அக்னெஸ் தினமும் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவளுடைய கதவுகளிலும் பாதி பழுது. மழைக்காலம் முடிவதற்குள் கருவிழியைச் சுற்றிக் கொழுப்பின் வெள்ளை வளையம் விழுந்தது, வீட்டுப் படி ஏற மூச்சு வாங்கியது.

"நிறுத்தும்மா. ரெண்டு பேருமா சேர்ந்து போயிடுவீங்க," என்றார் டாக்டர்.

"நிறுத்தினா அவ தனியா போவா. அதுக்கு இது தேவல."

பிள்ளையின் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க, கணவனின் அண்ணன் திங் கீ சியோங்கின் கடைக்குப் போய் நின்றாள். அவர் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எங்க ரத்தத்துல ஒரு கோளாறும் கிடையாது. சேகோ மாவும் மரப்புழுவும் தின்னு வளர்ந்த உங்க ஆளுங்க சீக்கு அது."

"அப்ப உங்க தம்பி எதுலண்ணே செத்தாரு?"

"சிமெண்டு மூட்டையில."

அவள் சொந்த வீட்டிலோ, சீனனைக் கட்டாதே என்று அப்போதே சொன்னோமே என்றார்கள். அக்கா ஒருத்தி மட்டும் மனமிரங்கிக் கை கொடுத்தாள். அவளுக்கும் அதே பிழை இருந்தது, நெஞ்சு வலி கண்டு படுத்துவிட்டாள். அதற்கப்புறம் கேட்பதற்குச் சொந்தத்தில் யாரும் மிச்சமில்லை.

ஒருநாள் காலை அக்னெஸ் கருவாட்டுக் கூடை மேலேயே சரிந்து விழுந்தாள். பக்கத்தில் கீரை விற்கும் இபான் இனத்துப் பெண் ஒருத்தி, உஞ்சாட்டின் அம்மா என்ற பொருளில் ஊரே இந்தை உஞ்சாட் என்று கூப்பிடுகிறவள், அலறிய பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என்னடி இது, கைக்குள்ள எண்ணெய் மாதிரி ஏறுது?"

"விட்டுடுங்க இந்தை," என்றாள் தரையில் கிடந்த அக்னெஸ். "உங்களுக்கும் நெஞ்சு வலிக்கும்."

"எனக்கு ஒண்ணும் வலிக்கல. காலையிலேர்ந்து பட்டினி வேற. வரட்டும்."

அவளுடைய கதவுகள் முழுசானவை. மறுநாள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தால் ஏறியதன் சுவடே இல்லை. ஆனாலும் ஒருத்தியால் எவ்வளவு தாங்க முடியும்? அக்னெஸ் மகளை இழுத்துக்கொண்டு கடை கடையாகப் போய் மண்டியிட்டாள். கையை உதறியவர்கள் உண்டு, எச்சில் துப்பியவர்கள் உண்டு. மலாய்ப் படகோட்டி ஒருவர் கை கொடுத்தார், காப்பிக்கடை ஹக்கா சீனக் கிழவர் கொடுத்தார், பிறகு அவர்களைப் பார்த்து மற்றவர்கள். பிற்பகலில் படகுக்குக் காத்திருப்பவர்கள் மே சின்னோடு கைகோத்து உட்காருவது வழக்கமாயிற்று. மே சின் வளர்ந்தாள். அக்னெஸின் இதயம் மட்டும் பழையபடி ஆகவில்லை. இனவாரியாகக் கொழுப்பை அளந்து ஒப்பிட வந்த ஆய்வாளர்கள், மற்ற ஊர்களில் சீனருக்கு இவ்வளவு, மலாய்க்காரருக்கு இவ்வளவு, இபானுக்கு இவ்வளவு என்று எழுதினார்கள். டாலட்டில் எல்லோருக்கும் ஒரே அளவு வந்தது. அதையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

சில வருடங்கள் கழித்து ஒரு பிற்பகல் கீ சியோங் தன் மகனைத் தோளில் தாங்கிக்கொண்டு துறைக்கு வந்தார். பையனின் உதடு நீலம் பாரித்திருந்தது, முழங்கையில் அதே மஞ்சள் கட்டிகள்; அவன் தாய் வழியிலும் ஒரு பிழை இருந்திருக்கிறது. அவர் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து ஆற்றையே பார்த்தார். அன்று ஊரில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். இருந்த கைகள் மே சின்னுக்கே போதாது. அக்னெஸ் மகளின் முகத்தையும் அந்தப் பையனின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள், "பையனோட சட்டைக் கையை மடிச்சு விடுங்க."

இந்தை உஞ்சாட்டின் வலது கை மே சின்னிடம் இருந்தது. இடது கையை அவனுக்கு நீட்டினாள். வாய் நிறைய வெற்றிலை. இரண்டு கையும் பிடிபட்டிருக்க, எழுந்துபோய்த் துப்ப வழியில்லாமல், படகு வருகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.