நான்காவது கண்ணாடி

பூமி ஆடியபோது டிரைவர் குளித்துக்கொண்டிருந்தான். காலை டிரிப்பை முடித்து, பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்து, தலைக்குச் சோப்புப் போட்ட நேரத்தில் பக்கெட்டுத் தண்ணீர் தானாகத் துள்ளி வெளியே விழுந்தது. நாற்பது வினாடிகள்தான் என்று பிறகு ரேடியோவில் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடலாம். இவனுக்கு ஆட்டம் நின்ற பிறகுதான் கஷ்டமே ஆரம்பித்தது. நிலை கோணி, குளியலறைக் கதவு சிக்கிக்கொண்டது. தலைக்கு மேலே கூரை ஒவ்வொரு கைப்பிடியாக மணலைக் கொட்டிக்கொண்டிருக்க, அவன் முக்கால் மணி நேரம் கதவைத் தட்டினான். மனைவியின் அண்ணன் கடப்பாரையோடு வந்து நெம்பித்தான் அவனை வெளியே எடுத்தார். ஈரத் துண்டும் காய்ந்த சோப்புமாக அவன் தெருவில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து, அத்தனை துக்கத்திலும் தெருவே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. சிரித்துவிட்டவன் அப்புறம் எப்படிப் பயம் என்று சொல்ல முடியும்?

தெருவில் பதினோரு வீடுகள் விழுந்திருந்தன. மற்ற வீடுகள் நின்றன; ஆனால் நிற்கிற வீட்டை யாரும் நம்பவில்லை. எல்லாரும் பள்ளி மைதானத்தில் தார்ப்பாய்க் கூடாரத்துக்குக் குடிபோனார்கள். இன்ஜினியர்கள் பெரிய கட்டடங்களைப் பார்த்து முடிப்பதற்கே நாக்குத் தள்ளியது. சின்ன வீடுகளுக்குக் கொத்தனார்களே இன்ஜினியர். டிரைவரை நெம்பி வெளியே எடுத்த அந்த மச்சான் முப்பது வருஷக் கொத்தனார். அவருக்கு ஒரு முறை இருந்தது. விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டிவிடுவார். பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுவார். சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். பத்து நாள் முழுசாக இருந்தால் சுவர் உட்கார்ந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்.

"மனுஷன் பொய் சொல்லுவான், சுவர் பொய் சொல்லும், கண்ணாடி சொல்லாது மாப்பிள்ளை" என்றார்.

டிரைவர் வீட்டு விரிசல் முன்பக்கச் சுவரில், ஜன்னலுக்குக் கீழே சாய்வாக ஓடியது. கண்ணாடியை வெளிப்பக்கமே ஒட்டினார்கள். அவன் மனைவி தினமும் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் தையல்காரி. கால் மெஷின் வீட்டுக்குள் நின்றது. கூடாரத்தில் அதைப் போட இடமில்லை. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, யூனிபார்ம் எல்லாம் இடிபாட்டில் போய்விட்டது, தைக்கச் சொல்லி ஆட்கள் வரிசையாக வந்தார்கள். எட்டு வயது மகளுக்கோ ஈரத் தரையில் படுத்துப் படுத்து இருமல் பிடித்துக்கொண்டது.

"இன்னும் ரெண்டே நாள்" என்று எட்டாம் நாள் தையல்காரி துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

ஒன்பதாம் நாள் விடிகாலையில், முதல் டிரிப்புக்குப் போகிற வழியில், டிரைவர் வீட்டு வாசலில் நின்றான். கண்ணாடி கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. நாளைக்கு அந்தக் கூரைக்குக் கீழே படுக்க வேண்டும் என்று நினைத்ததுமே அவன் ஓரடி பின்வாங்கினான். பஸ் ஆடினால் அவனுக்குக் கவலையில்லை, இருபது வருஷமாக ஆடுகிற வண்டிதான். வீடு ஆடலாமா? சட்டைப் பையிலிருந்த பஸ் சாவியை எடுத்துக் கண்ணாடியின் நடுவில் ஒரு தட்டுத் தட்டினான். சில்லுகளைக் காலால் மண்ணுக்குள் தள்ளி மூடினான். அன்று முழுக்க பஸ்ஸை அவ்வளவு நிம்மதியாக ஓட்டினான். அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டான் என்பதும் உண்மை.

கொத்தனார் இரண்டாவது கண்ணாடியை ஒட்டினார். அதுவும் ஒன்பதாம் நாள் உடைந்தது. மூன்றாவதும் அப்படியே. ஒரு பொய் தனியாக எங்கே நின்றிருக்கிறது, துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டேதான் போகும். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு ஏறியது. "உள்ள அலமாரில மருந்து இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள் தையல்காரி. அவன் வாசல்படி வரை போய், நின்று, திரும்பி, மூன்று தெரு தள்ளிப் போய்ப் புது மருந்து வாங்கி வந்தான். அலமாரிச் சாவி கிடைக்கவில்லை என்றான். அலமாரிக்குப் பூட்டே கிடையாது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு மகளை எழுப்பி மருந்தைக் கொடுத்தாள்.

நாற்பதாம் நாள் கொத்தனார் வந்து உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

"மூணு கண்ணாடி போச்சு தங்கச்சி. இனிமே பாக்க ஒண்ணுமில்ல. முன்சுவத்த இடிச்சுடணும். அது மேல நிக்கிற கூரையும் வந்துடும். ஞாயித்துக்கிழமை ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்."

தையல்காரி அழவில்லை. மடியில் இருந்த யூனிபார்ம் துணியைத் தடவித் தடவி மடித்தாள். பன்னிரண்டு வருஷம் அந்த மெஷினை மிதித்துக் கட்டிய வீடு அது. மடித்த துணியையே அவள் மறுபடி மடிப்பதை டிரைவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நாந்தான் ஒடச்சேன்" என்றான்.

"எதை?"

"மூணையும். உள்ள வந்து படுக்க பயமா இருந்துச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கொத்தனார் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி மாப்பிள்ளை! எனக்கு அப்பவே தோணுச்சு, இது வெறும் பூச்சு விரிசலாச்சே, இத்தனை ஆட்டம் காட்டாதேன்னு. என் கண்ணை நம்பாம கண்ணாடிய நம்பிட்டேனே!"

தையல்காரி சிரிக்கவில்லை. "நாப்பது நாளு புள்ளை ராத்திரியெல்லாம் இருமுறா. பக்கத்துலதான படுத்திருந்தீங்க? காது கேக்கலையா?"

அவள் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கொத்தனார் பழக்க தோஷத்தில் நான்காவது கண்ணாடியை ஒட்டி, தேதி எழுதிவிட்டுப் போனார். மெஷின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. டிரைவர் கூடாரத்திலேயே இருந்தான். மைதானத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கப் போனால், "என்ன டிரைவரே, எங்க வீட்டுக் கண்ணாடிய விட்டு வையுங்க" என்றார்கள். கேட்டுக்கொண்டான். வேறென்ன செய்ய?

அடுத்த இரண்டு நாளும் மழை விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் வெறித்தது. நண்பகலில் டிரிப் முடிந்து வந்தவன், பழக்கத்தில் வாசலில் நின்று சுவரைப் பார்த்தான்.

கண்ணாடி இரண்டாக இருந்தது.

அவன் உடைத்த கண்ணாடிகள் தட்டிய இடத்திலிருந்து நாலா பக்கமும் சிதறிப் போயிருந்தன. இதில் ஒரு சில்லுகூட உதிரவில்லை. விரிசல் போன வழியிலேயே நேராக அறுந்து, இரண்டு பாதியும் சிமெண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் நகம் நுழைகிற இடைவெளி. மழைத் தண்ணீர் இறங்கி அடிமண் இளகியிருக்க வேண்டும். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் ஓரத்துப் பூச்சிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்து நின்றது.

"ஏய்! வெளிய வா! கண்ணாடி ஒடஞ்சிருக்கு!"

மெஷின் நிற்கவில்லை. "இந்தத் தடவை எதால ஒடச்சீங்க?" என்றது அவள் குரல்.

"நான் தொடல. சத்தியமா தொடல. எந்திரிச்சு வந்து பாரு."

"நாப்பது நாள் வந்து வந்து பாத்தாச்சு. எனக்குத் தைக்கணும்."

கொத்தனாருக்குப் போன் போட்டான். அங்கே கலவை மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவர் சிரித்தார். "புலி வருது புலி வருதுன்னு எத்தனை தடவை மாப்பிள்ளை? சாயங்காலம் வந்து பாக்கறேன், போங்க." ஏற்கெனவே வீடு திரும்பியிருந்த எதிர்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டான். ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை சுத்தமாக உடைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

மறுபடியும் பொலபொலவென்று மண் கொட்டியது.

டிரைவர் வாசல்படியில் கால் வைத்தான். நாற்பத்து மூன்று நாளுக்குப் பிறகு வைக்கிற கால். உள்ளே தலையை நுழைத்ததும் சோப்பு வாசனை வந்தது போல் இருந்தது; காதுக்குள் கதவைத் தட்டுகிற சத்தம். அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். பிறகு விட்டான். அறையின் மூலையில் மகள் போர்த்திக்கொண்டு தூங்கினாள். ஜன்னலடியில் மனைவி மெஷினில் குனிந்திருந்தாள். அவன் நேராகப் போய் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"நீ நம்பாட்டிப் பரவால்ல. உன்னைக் கூப்பிடல. நீங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கற வரைக்கும் நானும் இங்கதான் இருக்கப்போறேன்" என்றான்.

சொல்லும்போதே பல் தந்தியடித்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவன் கூரையைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தரையையே பார்த்தான். மெஷினின் இரும்புக் காலை அவன் கை பிடித்திருந்த பிடியில் ஊசி வரை அதிர்ந்தது.

தையல்காரியின் பாதம் நின்றது. மகளுக்குக் காய்ச்சல் கொதித்தபோதுகூட இந்தப் படியைத் தாண்டாத மனுஷன். வெட்கம், மானம் எல்லாம் போய், தெருவே கேலி பேசியபோதும் தாண்டாத மனுஷன். அவள் அவன் கையைப் பார்த்தாள், பிறகு ஜன்னலடிச் சுவரைப் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள்.

"பாப்பாவத் தூக்குங்க. முதல்ல அவளைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கம் விடுங்க."

"நீ?"

"மெஷினை விட்டுட்டு வரமாட்டேன். தனியா என்னால தூக்க முடியாது." அவள் மெஷின் மேல் கிடந்த துணிகளை அள்ளினாள். "விட்டுட்டுத் திரும்பி வருவீங்களா?"

அவன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினான். எதிர்ப்பக்கத்துத் திட்டில், வெயிலில் அவளை உட்கார வைத்தான். திறந்த வானத்துக்குக் கீழே நின்று ஒரு முறை மூச்சு வாங்கினான்.

பிறகு திரும்பிப் போய் மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்தான்.