சொந்தக் குரல்

தன் வாயிலிருந்து மூன்றாவதாக ஒருத்தியின் குரல் வெளியே வருவதை ஜிபார் இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் எட்டு வயது ஜிபார் நின்றாள். குட்டைச் சடைகள், ஆட்டுத்தோல் மேலங்கி, குளிரில் வெடித்த கன்னங்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்குக்கு முன்னால் நின்று அவளுக்காகப் பேசியது அய்தானா என்ற பள்ளிக்கூடத்துச் சிறுமி, தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவள். நல்ல பிள்ளைதான். சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாள். "அப்பா, திரும்பி வாங்க" என்று அவள் குரல் உடைந்து விசும்பியபோது, கூட வந்திருந்த சிறுமியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜிபாருக்கு மட்டும் சோற்றில் கல் கடிபட்டதுபோல இருந்தது.

"எப்படி எஜே? நல்லா வருதில்ல?" என்று கேட்டாள் எல்நுரா. பழைய கிர்கிஸ் படங்களைத் தூசி தட்டி, கீறல் நீக்கி, மறுபடி திரைக்குக் கொண்டுவரும் வேலை அவளுடையது. பிஷ்கெக்கில் வயதில் மூத்த பெண்களை எல்லோரும் எஜே என்றுதான் அழைப்பார்கள்; ஆனால் எல்நுராவின் வாயில் அந்தச் சொல்லுக்கு நிஜமாகவே அக்கா என்ற அர்த்தம் இருந்தது.

"புள்ள நல்லாத்தான் பேசுது. ஆனா அது நான் இல்லையே."

எல்நுரா தயங்கினாள். "கோவிச்சுக்காதீங்க. அந்தப் படத்துல எப்பவுமே உங்க குரல் இருந்ததில்லையே எஜே."

அது உண்மை. 'அக்கரைப் பனி' என்ற அந்தப் படத்தை எடுத்தபோது ஸ்டுடியோக்காரர்கள் நாரின் ஆற்றோரக் கூட்டுப்பண்ணைப் பள்ளிக்கு வந்து, குதிரையேறத் தெரிந்த பெண்பிள்ளை வேண்டும் என்றார்கள். ஆசிரியர் ஜிபாரைக் காட்டினார். இயக்குநருக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. வாயைத் திறந்ததும் சிரித்துவிட்டார். பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கரகரத்த குரல். சளி பிடித்த ஆட்டுக்குட்டி என்று அண்ணன்மார் கேலி செய்வார்கள். "கவலைப்படாதே, உனக்கு மாஸ்கோவுல குரல் போட்டுக்குவோம்" என்றார் இயக்குநர். அங்கே கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஒரு நடிகை, வெள்ளி மணி போன்ற குரலில் பாத்மாவாகப் பேசினாள். படத்தில் ஜிபாரின் பெயர் பாத்மா. தேசம் முழுக்க அந்தக் குரலைக் கேட்டு அழுதது. செய்தித்தாள் கடைகளில் ஜிபாரின் முகம் அஞ்சலட்டையாக விற்றது. கிர்கிஸ் மொழிப் பதிப்புக்காவது அவளையே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கணவாயைப் பனி மூடிவிட்டது, கைக்கெட்டிய ஒரு நடிகையை வைத்து முடித்துவிட்டார்கள். பண்ணை மன்றத்தில் படம் ஓடியபோது, முன்வரிசையில் இருந்த அவள் அம்மா எழுந்து நின்று, "யாரு இது பேசறது? எம்பொண்ணு தொண்டைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க, மன்றமே சிரித்தது. அந்தக் கிர்கிஸ் ஒலிச்சுருள்தான் இப்போது ஈரத்தில் அழுகிப் பயன்படாமல் போயிருந்தது; அதனால்தான் புதிதாகக் குரல் பதிகிறார்கள்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு படங்கள். பதின்மூன்று வயதில் அவள் திடீரென்று வளர்ந்து, முகமெல்லாம் பருவாகி, ஸ்டுடியோ கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. பள்ளி முடித்ததும் மாஸ்கோவுக்கு நடிப்புப் படிக்கப் போனாள். தேர்வாளர்கள் அவளைக் கண்டதுமே அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்தார்கள். அவள் கவிதையைச் சொல்லத் தொடங்கியதும் அந்த மலர்ச்சி ஒவ்வொரு முகத்திலிருந்தும் இறங்கியது. ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம், "பாத்மா இப்படியா பேசுவா?" என்று கேட்டது அவள் காதில் விழுந்தது. யாரோ ஒருத்தியின் தொண்டையிடம் தோற்றுவிட்டு அவள் ரயிலேறினாள்.

ஊர் திரும்பியவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. நகரத்துப் பொம்மை நாடக அரங்கில் சேர்ந்தாள். அங்கே திரைக்குப் பின்னால் முகம் மறைந்துவிடும், குரல்தான் சரக்கு. குள்ளநரிக்கும் முள்ளம்பன்றிக்கும் முட்டாள் அரசனின் மனைவிக்கும் அந்தக் கரகரப்பு அப்படி ஒட்டிக்கொண்டது. பிஷ்கெக்கில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் அவள் குரலைக் கேட்டுத்தான் சிரிக்கக் கற்றார்கள். சோவியத் யூனியன் உடைந்த வருடங்களில் அரங்கைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் நின்றது, சம்பளம் நின்றது. நாடகத்தை அவள் நிறுத்தவிடவில்லை. காலையில் ஓஷ் சந்தையில் கம்பளிக் காலுறை விற்றாள், சாயங்காலம் கோட்டைப் போட்டுக்கொண்டே பொம்மை ஆட்டினாள். பிள்ளைகள் சிரிக்கும்போது அவர்கள் வாயிலிருந்து புகை வரும். சந்தையில் யாராவது அவளை அடையாளம் கண்டுகொண்டு, "ஐயோ பாத்மா, உனக்கா இந்த நிலைமை?" என்பார்கள். "என்ன நிலைமை? சுத்தமான கம்பளி, தொட்டுப் பாரு. சாயங்காலம் நாடகம் இருக்கு, புள்ளைங்களக் கூட்டிட்டு வா" என்பாள். பாதிப் பேர் வந்தார்கள்.

அன்று அவள் வீட்டுக்குப் போனபோது தோலோன் மாவு தேய்த்து நூடுல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் கணவன், மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். நகரத்தில் டிராலிபஸ் கம்பிகளை அவிழ்த்த நாளிலிருந்து சமையலறையை அவன் பிடித்துக்கொண்டான்.

"மகாராணி மொகம் தொங்கிக் கெடக்கே. யாரு மேல கோவம்?"

"என் வாய்க்குள்ள ரெண்டு பேரு பேசிட்டுப் போயாச்சு. இப்ப மூணாவதா ஒருத்தியக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

"வாடகைக்கு விட்ட வீடு மாதிரி." அவன் கத்தியை நிறுத்தவில்லை. "காலி பண்ணச் சொல்லிட்டு நீயே குடிபோயிடு."

"அறுபத்தோரு வயசுலயா?"

"நேத்து பேரங்கிட்ட ஃபோன்ல முள்ளம்பன்றியா பேசினியே. முள்ளம்பன்றிக்கு வயசு என்னன்னு அவன் கேட்டானா?"

ஜிபார் தட்டுகளை எடுத்து வைத்தாள்.  மறுநாள் காலையில் அவள் நல்ல கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பார்த்து, தோலோன் தனக்குள் சிரித்துக்கொண்டே தேநீரை ஊற்றினான்.

தானே பேசுவதாக ஜிபார் சொன்னதும் எல்நுரா முதலில் மறுத்தாள். எஜேவின் மீது எவ்வளவு மரியாதை இருந்தாலும், மீட்டெடுத்த படத்தைச் சிரிப்புக்கு இடமாக்க அவளால் முடியாது. திரையிடலுக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் விருந்தினர் வருகிறார்கள். ஒலிப்பதிவாளன் எர்மெக்தான் நடுவில் புகுந்தான். "பேசிப் பாக்கட்டும் எல்நுரா. சரியா வரலைன்னா அழிச்சிட்டுப் போறோம்." அய்தானாவின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஜிபார் அதையும் யோசித்து வைத்திருந்தாள். "பாத்மாவோட தோழி ஒருத்தி இருக்கால்ல, படம் முழுக்கத் தொணதொணன்னு பேசுவாளே. அந்தப் பேச்செல்லாம் அய்தானாவுக்கு. அழுகையே கெடையாது, எல்லாம் சண்டைதான்." அய்தானா அம்மாவைப் பார்க்காமலேயே சரி என்று தலையாட்டினாள்.

முதல் காட்சி கெட்டது. இத்தனை வருட அனுபவமும் சேர்ந்து ஜிபாரின் குரலை உச்சத்துக்குக் கொண்டுபோய், தேன் தடவி, இழுத்து இழுத்துப் பேசவைத்தது. பேசி முடித்துக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். எர்மெக் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் மாட்டினான்.

"எஜே, இது பொம்மை பேசுற மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. வேறு யாராவது சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். எர்மெக் சின்ன வயதில் அவள் நாடகங்களுக்கு வந்தவன். அவனுக்குச் சொல்ல உரிமை இருந்தது. தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நடைபாதைக்குப் போய் ஜன்னலோரம் நின்றாள். குழந்தை மாதிரி பேச முயல்கிறோம், அதுதான் தப்பு என்று மெதுவாகப் புரிந்தது. அந்தப் பிள்ளை குழந்தை மாதிரியா பேசிற்று? அப்போதும் இதே கரகரப்புதான். அண்ணன்மார் கேலி செய்த, அம்மா தேடி எழுந்து நின்ற அதே தொண்டை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள். தோள்களைக் குளிரில் ஒடுங்குவதுபோல மேலே தூக்கிக்கொண்டாள். இந்த முறை நடிக்கவில்லை, பேசினாள். எர்மெக் அடுத்த காட்சியைப் போட்டான். அதற்கும் அடுத்ததைப் போட்டான். எல்நுரா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஆற்றுக் காட்சி வந்தது. படத்தின் உயிரே அதுதான். அப்பா குதிரையில் பனிக்கால ஆற்றைக் கடக்கிறார். கரையில் நின்று பாத்மா, "அப்பா, திரும்பி வாங்க" என்று கதறுகிறாள். ஜிபார் சொன்னாள். திரையில் அசைந்த உதட்டோடு சொல் ஒட்டவில்லை. மறுபடி சொன்னாள். அப்போதும் ஒட்டவில்லை. கீறலும் புள்ளியுமாக இருந்த பழைய பிரதியில் யாருக்கும் தெரிந்திராது. துடைத்து எடுத்த பிரதியில் ஒவ்வொரு உதட்டசைவும் பளிச்சென்று தெரிந்தது.

"மெதுவா ஓட்டு" என்றாள் ஜிபார்.

எர்மெக் மெதுவாக ஓட்டினான். ஜிபார் திரையை நெருங்கி நின்று தன் வாயைத் தானே பார்த்தாள். ஒருமுறை, இன்னொரு முறை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன எஜே?"

"நான் அப்பாவக் கூப்பிடவே இல்லடி. அப்பாவா நடிச்சவரு நகரத்து மனுசன், குதிரையேறத் தெரியாது. தண்ணி இழுக்க இழுக்கப் பயத்துல கடிவாளத்த இறுக்கிப் புடிச்சிட்டாரு. குதிரைக்குத் தலையத் தூக்க முடியல. எந்தப் பேச்சா இருந்தாலும் சரி, குரல் பிறகு போட்டுக்கலாம்னு இயக்குநர் சொல்லியிருந்தாரா, நான் பாட்டுக்கு அவரைத் திட்டிட்டிருக்கேன். 'கடிவாளத்த விடு, அதுக்கு வழி தெரியும், விடு.' கடைசியா ஒரு சொல் இருக்கு பாரு, அது வேண்டாம். மரியாதை இல்லாத சொல்."

எர்மெக் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். எல்நுரா சிரிக்கவில்லை. "ஜனங்க அம்பது வருசமா அழுத காட்சி எஜே இது. திரைக்கதையில 'திரும்பி வாங்க'ன்னுதான் இருக்கு. மாத்த நான் யாரு?"

"அழுதாங்க, சரி. நான் அழுதேனா பாரு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா?"

பார்த்தார்கள். இல்லை. காற்றில் சுருங்கிய கண்களும், கோபத்தில் முன்னால் நீண்ட கழுத்தும்தான் இருந்தன. மாஸ்கோவின் விசும்பல்தான் இத்தனை காலமும் அங்கே கண்ணீரை வைத்திருந்தது.

"ரெண்டு விதமாவும் எடுத்துக்குவோம்" என்று எல்நுரா அரைமனதாகச் சொன்னாள். ஜிபார் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். நாரின் ஆற்று இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி, தொண்டை கிழிய, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "கடிவாளத்த விடு! அதுக்கு வழி தெரியும், விடு!"

 எல்நுரா, "மறுபடி போடு. அப்பாவோட கையப் பாரு" என்றாள். குரலோடு சேர்த்து ஓட்டினார்கள். சிறுமி கத்துகிறாள், அடுத்த காட்சித்துண்டு ஆற்றின் நடுவே, நடிகரின் கைகள் தளர்கின்றன, கடிவாளம் தொய்கிறது, குதிரை தலையை உயர்த்தி அக்கரையை நோக்கித் திரும்புகிறது. அந்தக் கை தளர்ந்ததைப் பிரிவின் துயரம் என்றுதான் விமர்சகர்கள் எழுதி வந்தார்கள்.

"அவர் நீங்க சொன்னதக் கேட்டிருக்காரு எஜே" என்றாள் எல்நுரா மெதுவாக.

"கேக்காம? கேக்கலன்னா செத்திருப்பாரு."

'திரும்பி வாங்க' என்ற மற்றதை எடுக்கச் சொல்லி எல்நுரா பிறகு கேட்கவே இல்லை.

வசந்தத்தில் நகரத்தின் பழைய திரையரங்கில் படத்தைக் காட்டினார்கள். ஜிபார் தன்னை முன்வரிசையில் உட்காரவைக்க விடவில்லை. பின்னால், தோலோனுக்குப் பக்கத்தில், தூண் மறைவில் இடம்பிடித்தாள். படம் தொடங்கி அந்தக் கரகரத்த குரல் முதல்முறை வந்தபோது அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. பழைய படத்தை மனப்பாடமாக அறிந்த கிழவிகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஜிபார் இருக்கையின் நுனிக்கு நகர்ந்தாள். தோலோன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இரு, பழகிடும்" என்றான். அவன் சொன்னதுபோல, கொஞ்ச நேரத்தில் யாரும் குரலைக் கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளையைத்தான் கவனித்தார்கள். ஆற்றுக் காட்சியில் வழக்கமாகக் கேட்கும் மூக்குறிஞ்சல் எதுவும் கேட்கவில்லை. குதிரை கரையேறியதும் எங்கோ நடுவரிசையிலிருந்து ஓர் ஆண் குரல், "அப்படிப் போடு" என்றது. சிலர் கைதட்டினார்கள். தோலோன் அவள் முழங்கையை ஒருமுறை அழுத்தினான்.

கடைசியில் பெயர்கள் ஓடின. கூட்டத்துக்கு முன்பே வெளியேறிவிடலாம் என்று ஜிபார் எழுந்து கோட்டின் ஒரு கைக்குள் கையை விட்டிருந்தாள். பாத்மா என்ற பெயருக்கு எதிரே அவள் பெயர் வந்தது. அதற்குக் கீழே, பாத்மாவின் குரல் என்ற இடத்தில் மறுபடியும் அதே பெயர். முன்வரிசையில் யாரோ அதைச் சத்தமாகப் படித்தார்கள். முணுமுணுப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. விளக்குகள் எரிந்தபோது முன்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, கழுத்தை நீட்டி, இருக்கைகளுக்கிடையே ஒரு குழந்தையைத் தேடுபவர்கள்போலத் தாழ்வாகத் தேடினார்கள். ஜிபார் கோட்டிலிருந்து கையை வெளியே எடுத்தாள். தூணைவிட்டு ஓரடி விலகி, அவர்கள் கண் மேலே உயரும்வரை நிமிர்ந்து நின்றாள்.