கனிமொழி, க/பெ சுந்தரமூர்த்தி

சுதாவைச் சுதா என்று கூப்பிட அந்த வீட்டில் ஆளில்லை. திருத்தணியில் மலைக்குப் பின்பக்கம், கரும்புக் கொல்லையை ஒட்டி இருந்த அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பெயர் கனி. கனிமொழி. அது அவளுடைய அக்காவின் பெயர்.

அக்கா செத்துப்போனபோது அருண்பாண்டியன் கைக்குழந்தை. பிரசவம் நல்லபடியாகத்தான் ஆனது. பிற்பாடு வந்த காய்ச்சல்தான் விட்டு விட்டு அடித்து, கடைசியில் ஜன்னி கண்டு, வீட்டு உள்ளறையிலேயே அவள் உயிர் போயிற்று. குழந்தையைப் பார்த்துக்கொள்ள மணவூரிலிருந்து வந்திருந்த தங்கை திரும்பிப் போகவில்லை. பால் பாட்டிலும் கையுமாக நின்ற பெண்ணைப் பார்த்துப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மலைக்கோயிலில் வைத்து, பத்திரிகைகூட அடிக்காமல், அக்கா புருஷன் சுந்தரமூர்த்திக்கே அவளைக் கட்டிவைத்தார்கள்.

"பேரு மாறினா புள்ள ஏங்கிப்பூடும்" என்றாள் மாமியார் சின்னம்மாள். "வூட்ல அந்தப் பேரே இருக்கட்டும்."

அக்காவுக்காக அழக்கூட அவளை விடவில்லை. கண் கலங்கினால் சின்னம்மாள் அதட்டுவாள். "யாருக்குடி அழுவுற? கனிதான் வூட்ல கீறாளே!"

ரேஷன் கார்டில் கனிமொழியின் பெயர் முன்பே இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. அதைக் காட்டி வாக்காளர் அட்டை வாங்கினார்கள். அவற்றைக் காட்டி ஆதார் எடுத்தார்கள். முகம் சுதாவினுடையது, கைரேகை சுதாவினுடையது, பெயர் மட்டும் செத்தவளுடையது. கனிமொழி, க/பெ சுந்தரமூர்த்தி.

அந்தப் பெயரோடு இன்னொன்றும் வந்தது. ரேஷன் கடையில் "கனிமொழி" என்று கூப்பிட்டால், சுதா வாய் திறப்பதற்கு முன்னால், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ "ஆங்" என்பார்கள். காய்ச்சலில் வறண்ட தொண்டையிலிருந்து வருகிற மாதிரி ஒரு சன்னமான குரல். திரும்பிப் பார்த்தால் வரிசையில் நிற்கும் பெண்கள் தங்கள் பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானத்தில் சுந்தரமூர்த்தி கொல்லையிலிருந்து வந்து "கனி, தண்ணி" என்பார். அடுப்படியில் நிற்கும் அவளை முந்திக்கொண்டு உள்ளறை பதில் சொல்லும். சுதா சொம்பை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அவருக்கு எந்தக் குரல் கேட்டது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம். பிறகு பழக்கம்.

மாமியார் போய்ச் சேர்ந்தாள். அருண்பாண்டியன் வளர்ந்து, படித்து, ஒரகடத்தில் கார் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். தன்னைப் பெற்றவள் வேறு, வளர்த்தவள் வேறு என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அம்மா என்றால் அவனுக்குச் சுதாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவன், போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். அடுக்கு அடுக்காக ஜன்னல் வைத்த வெள்ளைக் கப்பல் ஒன்று அதில் தெரிந்தது.

"நைனாவும் நீயும் இதுல போய்ட்டு வர்றீங்க. சென்னை ஹார்பர்ல ஏத்திகினு நடுக்கடல் வரைக்கும் போவான். புக் பண்ணிட்டேன். உன் நெஜப் பேர்லயே போட்டிருக்கேம்மா. சுதான்னு."

சுதா போனை வாங்கிப் பார்த்தாள். மணவூருக்குப் போனால் அண்ணன் முருகவேல் கூப்பிடுவதைத் தவிர, அந்தப் பெயரை அவள் வேறெங்கும் கேட்டதில்லை. அது அச்சில் இருந்தது.

அடுத்த வாரம் கப்பல் பயண ஏஜென்சியிலிருந்து சினேகா என்றொரு பெண் பேசினாள்.

"நீங்க அனுப்பின ஆதார்ல கனிமொழின்னு இருக்குங்க. டிக்கெட்ல சுதான்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா இல்லன்னா ஹார்பர் கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. கல்யாணமான லேடீஸுக்கு இந்த மாதிரி அடிக்கடி வருதுங்க. பொறந்த வீட்ல ஒரு பேரு, புகுந்த வீட்ல ஒரு பேருன்னு இருக்கும். மேரேஜ் சர்டிஃபிகேட் இருக்குங்களா?"

"இல்லம்மா."

"சரி, பரவால்ல. டிக்கெட்டைக் கனிமொழின்னு மாத்திடலாம். ஒரு மெயில் போட்டா போதும். கனிமொழி நீங்கதானே?"

"ஆங்" என்றது உள்ளறை.

"சரிங்க மேடம்" என்று சொல்லி சினேகா வைத்துவிட்டாள்.

சுதா போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். அவள் உதடு அசையவில்லை. அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். இத்தனை வருஷமாகத் தனக்கு மட்டும் கேட்கிற குரல் என்று நினைத்திருந்தாள். சென்னையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் அதற்குப் பதில் பேசிவிட்டாள்.

உள்ளறையில் வெயில் விழுந்திருந்தது. நெல் மூட்டை, மடித்த பாய், பழைய பீரோ, அவ்வளவுதான்.

அன்று மாலையே அருணைக் கூப்பிட்டாள். "டிக்கெட்ட மாத்த வேணான்னு சொல்லுடா. அந்தப் பேர்ல நான் ஏறமாட்டேன்."

"பேருதானம்மா. இத்தினி நாளா அதுலதான எல்லாம் நடக்குது?"

"கடல்ல எனக்கு எதுனா ஆச்சின்னா யாரு செத்தான்னு எழுதுவாங்க? அவ ஒரு தடவ செத்துட்டா அருணு. திரும்பவும் அவளையே சாவடிக்க என்னால ஆவாது."

"சரிம்மா. இ-சேவை மையத்துல கேளு. எதுனா வழி சொல்வாங்க" என்றான்.

இ-சேவை மையத்தில் இருந்த எழிலன் நல்ல பையன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரொம்ப சுலுவுங்கக்கா. கெஜட்ல போட்டுடலாம். கனிமொழி என்கிற நான் இனிமேல் சுதா என்று அழைக்கப்படுவேன்னு ஒரு வரி. அத்த வெச்சி ஆதார மாத்திக்கலாம்" என்றான்.

சுதா அந்த வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் அக்கா சாகவே இல்லை. பெயரை மாற்றிக்கொண்டு சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மணவூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த, பாவாடை தடுக்கி ஏரிக்கரையில் விழுந்து முழங்கையில் தழும்பு வாங்கிய சுதா என்ற பெண்தான் எங்கேயோ காணாமல் போனவள்.

"நான் கனிமொழி இல்ல தம்பி. எப்பவும் இல்ல. அது எங்க அக்கா. செத்துட்டா."

எழிலன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தான். "அப்ப மொதல்ல அவங்களுக்கு டெத் சர்டிஃபிகேட் வாங்கணுங்கக்கா. பதியாம விட்டு இவ்ளோ வருஷம் ஆச்சின்னா ஆர்டிஓ ஆபீஸ்ல மனு குடுக்கணும். உங்க வூட்டுக்காரர் வந்து சொல்லணும்."

சுந்தரமூர்த்தி கரும்புக்குத் தோகை உரித்துக்கொண்டிருந்தார். வரப்பிலேயே நின்று விஷயத்தைச் சொன்னாள். கொழுந்தியாளாக இருந்த காலத்தில் கூப்பிட்டது போலவே இன்றும் அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் பாவா. அவ செத்துட்டான்னு."

அவர் கை நின்றது. கரும்புக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. "அதெல்லாம் இன்னாத்துக்கு இப்ப? கப்பலும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"கப்பலுக்காவ கேக்கல."

"பேர எடுத்துட்டா அவ எங்க போவா?" என்றார். யாரோ ஒரு வயதான அத்தையை வீட்டைவிட்டு அனுப்பச் சொன்ன மாதிரிக் கேட்டார்.

சுதாவுக்குப் புரிந்தது. அவருக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கிறது. முதல் நாளிலிருந்தே கேட்டிருக்கிறது.

"நானு எங்க போறது பாவா?" என்றாள்.

அவர் மறுபடியும் தோகையை உரிக்க ஆரம்பித்தார். அன்று சாப்பிட வரவில்லை. இரண்டு வாரம் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அவரே எழுந்து போய்க் குடித்தார். கூப்பிடாத வீட்டில் உள்ளறையும் சும்மாயிருந்தது. ஆனால் அந்த அமைதி, வாய்வரை வந்த பேச்சை அடக்கிக்கொண்டு ஓர் ஆள் கதவோரம் நிற்பது போலிருந்தது. அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் சுதா தன்னையறியாமல் சற்று ஒதுங்கி நடந்தாள். ஒருநாள் சுந்தரமூர்த்தியும் அதே இடத்தில் ஒதுங்கி நடப்பதைப் பார்த்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. மறுநாள் காலையில் அவர் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

மனு கொடுத்து, கிராம நிர்வாக அலுவலர் வந்து விசாரித்து, கடைசியில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் விட்டார்கள். அக்கா செத்த அன்றைக்குப் பாடை கட்டிய வீராசாமியும் சாட்சிக்கு வந்தார். கண்ணில் புரை விழுந்திருந்த அவர் சுதாவின் முகத்துக்கு அருகில் வந்து பார்த்துவிட்டு, "கனிம்மா, நல்லாகீறியா?" என்றார்.

விசாரித்த அதிகாரி அம்மாள் நேராகச் சுந்தரமூர்த்தியைக் கேட்டார். "இத்தனை வருஷம் ஏன் பதியலை?"

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி நாளு ஜன்னில என் கையப் புடிச்சிகினா. என்ன எங்கியும் அனுப்பிடாத பாவா, இந்த வூட்லயே வெச்சிக்கன்னு சொன்னா. ஆங்னு சொல்லிட்டேன். தூக்கிகினு போவும்போது என் மனசு கேக்கல. அனுப்பல. வெச்சிகினேன்." சுதாவின் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். "இவகிட்ட வெச்சிகினேன்."

அந்த அம்மாள் பேனாவை எடுத்தார்.

"இப்ப சொல்லுங்க. கனிமொழி உயிரோட இருக்காங்களா?"

"இல்லிங்க" என்றார் சுந்தரமூர்த்தி. "செத்துட்டா."

சுதா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். எங்கிருந்தும் ஒரு குரலும் வரவில்லை. அதன் பிறகுதான் அவள் அழுதாள். அந்த அலுவலகத்தின் நடுவில், புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டிய அழுகையை அழுதாள். வீராசாமி ஒன்றும் புரியாமல் அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

உத்தரவு வருவதற்குள் அந்தக் கப்பல் போய்விட்டது. சுதா கவலைப்படவில்லை. இறப்புச் சான்றிதழ் வந்ததும், அதை வைத்துத் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். அம்மா அப்பா கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட அருணைப் பார்த்து பதிவாளர் அலுவலகமே சிரித்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து, அதைக் கொண்டு ஆதாரையும் திருத்தினார்கள். ஆவணி மாதத்தில் அருண் மொட்டையடித்துக்கொண்டு, பெற்றவளுக்கு முதல் திதி கொடுத்தான். சுந்தரமூர்த்தி இப்போது அவளைச் சுதா என்று கூப்பிட்டார். அப்படிக் கூப்பிடும்போது அவர் குரலில் ஒரு கூச்சம் இருந்தது, மாமனார் வீட்டில் கொழுந்தியாளிடம் பேசுகிறவரைப் போல.

மறுவருஷம் டிக்கெட்டிலும் அட்டையிலும் ஒரே பெயரோடு கப்பலேறினார்கள். காவலர் அட்டையையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று தலையசைத்தார்.

இரண்டாம் நாள் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. சுந்தரமூர்த்தி கடலைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்கா இருந்தா பயந்திருப்பா. தண்ணின்னாலே அவளுக்கு ஆவாது."

"அவளுக்கா? ஏரில இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துவா பாவா. பயம் எனக்குத்தான்."

அவர் யோசித்தார். "கத்திரிக்காய்க் கொழம்புன்னா உயிர விடறது?"

"அவ. எனக்கு வாயில வெச்சா கொமட்டும்."

"வாரத்துக்கு ரெண்டு நாளு ஆக்கினியே?"

"கனிக்குப் புடிக்கும்னு அத்த ஆக்கச் சொன்னாங்க."

அதிலிருந்து அவர் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். இடிக்குக் காதைப் பொத்திக்கொள்வது யார், மாட்டுக்குப் பெயர் வைத்தது யார், கோபம் வந்தால் வாசல் பெருக்கிக்கொண்டே இருப்பது யார் என்று கேட்டார். சுதா இது என்னுடையது, அது அவளுடையது என்று பிரித்துச் சொன்னாள். வெயில் ஏறிற்று. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் எதையோ புதிதாக இழந்த துக்கம் படிந்தது.

"அந்த வருசம் ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படில பச்சப் புள்ளயத் தூக்கிகினு ஓடினது?" என்றார். "கல்லு சுட்டுச்சி. காலு தரையில பாவாம, சிரிச்சிகினே ஓடினியே. அது நீதானே?"

அன்று அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மூவருமாகத்தான் போனார்கள். சுதா நினைத்துப் பார்த்தாள். உள்ளங்காலில் சுட்ட கல் நன்றாக ஞாபகமிருந்தது. இடுப்பில் குழந்தையின் கனம் ஞாபகமிருந்தது. காவடிக் கூட்டத்துக்குள் சிரித்துக்கொண்டே முன்னால் ஓடுகிற ஒருத்தியின் முதுகும், அவிழ்ந்து தொங்கிய பின்னலும்கூட அதே அளவுக்குத் தெளிவாக ஞாபகமிருந்தன.

சுந்தரமூர்த்தி அவள் வாயையே பார்த்துக் காத்திருந்தார்.

"தெரியல பாவா" என்றாள்.