பிரேக்கை மிதித்தவள்

செல்லப்பா வெலிங்டன் தீவு ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினான். மட்டாஞ்சேரியில் அவன் வீட்டு முற்றம்தான் அவனுக்கு ஒர்க்‌ஷாப். பழைய அம்பாசடரின் அடியில் சாக்கை விரித்துப் படுத்து எல்லா ரிப்பேரும் தானே பார்ப்பான். வேறொருவன் கை வைத்தால் அவனுக்குப் பிடிக்காது.

1998 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் மழை விட்டிருந்தது. முந்தின நாள் பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், ஒரு மீன்காரி மேல் மோதாமல் மயிரிழையில் தப்பி வந்திருந்தான். ஜாக்கியால் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, இருபுறமும் செம்மண் பாறையில் வெட்டியெடுத்த வெட்டுக்கல் அடுக்கினான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, உள்ளே ஒருவர் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மனைவி கமலாக்ஷியைக் கூப்பிட்டான்.

"கல்லு நனஞ்சு கிடக்கே. பொடியாதா?" என்றாள்.

"ஒண்ணும் ஆவாது. நீ கேறி இரு. நான் சொல்லும்போ சவிட்டு."

அவன் அடியில் நுழைந்தான்.

"சவிட்டு."

மிதித்தாள்.

"விடு."

விட்டாள். நாலாவது தடவை, "நல்லா அமத்தி சவிட்டு" என்றான். இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி மிதித்தாள். கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி ஒரு பக்கமாக இறங்கியது. அவள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

தெருவே கூடி வண்டியைத் தூக்கியது. நெஞ்சு நசுங்கியும் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடிருந்தான். போலீஸ்காரர் கேட்டபோது, அண்ணன் நீலகண்டன் முன்னால், மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான்: "நான் தனியாத்தான் பணியெடுத்தேன். அவ அடுக்களையில இருந்தா."

கமலாக்ஷி வாயைத் திறந்தாள். வேண்டாமென்று கண்ணாலேயே தடுத்தான். மறுநாள் இறந்துபோனான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். "துணைக்கு ஒரு ஆளை வச்சிருந்தா சாவானா? புத்தி கெட்டவன்" என்றார் நீலகண்டன்.

அவளால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை.

"சேட்டா, அவர் தனியா இல்ல. வண்டிக்குள்ள நான்தான் இருந்தேன். நான்தான் சவிட்டினேன்."

நீலகண்டன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போலீசுக்கு அவன் சொன்னது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. எதிரில் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறிப் போய்விடுவார்.

கமலாக்ஷி எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனாள். கால் இரண்டும் சில ராத்திரிகளில் தானாக விறைத்துக்கொள்ளும். ஆனாலும், அன்றைக்கு நீலகண்டனிடம் சொல்லியிருக்க வேண்டாமே என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.