அசாருதீன் போட்ட முடிச்சு

மீமிசலில் என் வீட்டில் ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லோருடைய அம்மாக்களும் ஜெகதாப்பட்டினத்தில் இறால் கம்பெனிக்குப் போகிறவர்கள். குழந்தைகளை அனுப்பிய பிறகு, இந்த வேலையை முறையாகச் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்புக்குப் போகிறேன். தூங்கும் குழந்தையின் கழுத்தில் கயிறோ மணியோ சங்கிலியோ இருக்கக் கூடாது என்று அங்கே பிரகதாம்பாள் மேடம் சொன்னார்.

மறுநாளே எல்லாக் கழுத்துகளையும் பார்த்தேன். அஸ்வர் கழுத்தில் மட்டும் கருப்புக் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. அவன் ஜெய்னப் அக்காவின் மகன், ஒரு வயது ஆகப்போகிறது. அவனுடைய அத்தா அசாருதீன் மீன்பிடிக்கப் போன இடத்தில் படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். தாயத்தைப் பற்றி அக்காவிடம் எப்படிக் கேட்பது? காலையில் அவர் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவார். மாலையில் ஓய்ந்துபோய் வருவார். நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

வியாழக்கிழமை மதியம் தொட்டிலில் புரண்டு படுத்தவனின் கயிறு தோளுக்கடியில் சிக்கி, தாடைக்குக் கீழே இறுகியிருந்தது. விலக்கிப் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு. முடிச்சை அவிழ்க்க முயன்றேன், நகம்கூட நுழையவில்லை. தலை வழியாகவும் வரவில்லை. அக்காவைக் கூப்பிட வழியில்லை, கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டேன்.

சாயங்காலம் அக்கா பிள்ளையைத் தூக்கியதுமே கேட்டார்.

“கழுத்துல கயித்தக் காணோம்?”

நடந்ததைச் சொன்னேன். வகுப்பில் சொன்ன விதியையும் சேர்த்துச் சொன்னேன். காகிதத்தில் சுற்றி வைத்திருந்த தாயத்தைக் கொடுத்தேன். அவர் தாயத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைத்தான் தடவினார்.

“வெட்டிட்டியா? கடலுக்குப் போற அன்னைக்கு அவுக கையால கட்டுனது, ரம்யா. வலைக்குப் போடுற முடிச்சு. திரும்பி வந்து நானே அவுக்குறேன்னு சொல்லிட்டுப் போனாக.”

“புள்ள கழுத்து இறுகிருச்சுக்கா…”

“அதுக்கு முன்னாடி எத்தன நாளு பாத்துருப்ப? ஒரு வார்த்த கேட்டியா?”

கயிற்றைக் கைக்குள் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அஸ்வர் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. தன் மகளை விட வந்த ரஞ்சிதா, “திங்கக்கெழமையும் ஜெய்னப் வராட்டி வேற ஆளு போட்டுருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு” என்றாள். அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை.

வகுப்பில் கேட்டேன். கயிற்றை எடுத்தது சரி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்குத்தான் சமாதானமாகவில்லை. முன்பே கேட்டிருந்தால் கத்தரிக்கோலுக்கே வேலை வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அங்கே வந்திருந்த அவருடைய நாத்தனார் பாசிலா கதவைத் திறந்தாள்.

“வாங்க டீச்சரம்மா. கத்தரிக்கோல் கொண்டாந்தீங்களா, இல்ல இங்கயே தரணுமா?”

“சும்மா இரு பாசிலா,” என்றார் அக்கா உள்ளேயிருந்து.

அஸ்வர் என்னைப் பார்த்ததும் தவழ்ந்து வந்தான். கழுத்து வெறுமையாக இருந்தது.

“விதியச் சொல்ல வரலக்கா,” என்றேன். “முன்னாடியே கேக்காம இருந்தது என் தப்பு.”

அக்கா அஸ்வரைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “திரும்பக் கட்டிரலாம்னுதான் எடுத்தேன். அந்தச் செவப்புக் கோட்டப் பாத்ததும் கட்ட மனசு வரல. கட்டாம இருக்கவும் மனசு வரல.”

கயிறு அலமாரியில் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். நான் வெட்டியது முடிச்சுக்கு எதிர்ப்பக்கம். முடிச்சு முழுதாக இருந்தது.

“அக்கா, வெட்டுன எடத்துல கொஞ்சம் கயிறு சேத்தா தலை வழியாவே கழட்டலாம். அண்ணன் முடிச்ச யாரும் தொட வேணாம். காலையில நீங்களே கழட்டிக் குடுங்க, சாயங்காலம் நீங்களே போட்டுவிடுங்க. வீட்டுலயும் தூங்குறப்ப மட்டும் கழட்டிருங்க. சரியா வருமா?”

“சாயங்காலம் வரைக்கும் அது எங்க இருக்கும்?”

இதை நான் யோசித்திருக்கவில்லை. “தொட்டிலுக்கு எதுத்த செவுத்துல, ஒசரமா ஆணி அடிச்சு… இல்ல, நீங்க சொல்லுங்கக்கா.”

“அவன் கண்ணுல படணும். கைல படக் கூடாது.”

“அடேயப்பா, இப்பத்தான் கேக்கவே ஆரம்பிச்சிருக்காங்க,” என்று சொல்லிக்கொண்டே பாசிலா கயிறு தேடப் போனாள். அக்கா அதை வெட்டிய இடத்தில் சேர்த்து, இரண்டு பக்கமும் சாதாரண முடிச்சாகப் போட்டார்.

திங்கட்கிழமை காலை வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா தாயத்தை அஸ்வரின் தலை வழியாகக் கழற்றினார். தொட்டிலுக்கு எதிரே நான் அடித்திருந்த ஆணியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் கையாலேயே மாட்டினார். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

அவர் போன பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. அஸ்வரை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரருகே போனேன். தாயத்தை எட்டிப் பிடித்துவிட்டான். ஆணியைப் பிடுங்கி இன்னும் மேலே அடித்தேன்.

சாயங்காலம் அக்கா வந்ததும், அவர் கேட்கும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.