குழம்புக்குப் போன ஒயின்

லார்மோன்தி திராட்சைத் தோட்டத்தில் ஒயின் கலப்பது அன்செல்மின் வேலை. எந்தப் பீப்பாயில் இருப்பது எதோடு எவ்வளவு சேர வேண்டும் என்பதை அவருடைய நாக்குதான் முடிவு செய்யும். அவர் மகள் செவெரின் அதற்கென்றே போர்தோ நகரில் படித்துவிட்டு வந்து, பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டுக் கலவையாவது தன் கைக்கு வராதா என்று ஏங்கினாள்.

"புதுப் பீப்பாய் மர வாசன தூக்கலா இருக்குப்பா" என்று வருடா வருடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

"என் நாக்கு செத்த அன்னிக்கு நீ கலந்துக்கோ" என்பார் அவர்.

பக்கத்துத் தோட்டத்துச் சொந்தக்காரியான மதாம் ஒதில் வருடத்துக்கு ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்கு வருவார். ஒரே ஆண்டில் செய்த ஒயினில் இரு வீட்டாரும் ஆளுக்கொரு புட்டி எடுப்பார்கள். செவெரின் அவற்றைச் சமையலறையில் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றிக் கொண்டுவருவாள். எது யாருடையது என்று பெரியவர்கள் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த முறை அன்செல்ம், தான் முதன்முதலாகக் கலந்த ஆண்டின் கடைசிப் புட்டியையே எடுத்துக் கொடுத்திருந்தார். அவ்வளவு வீம்பு.

முதல் குடுவையைச் சுவைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இது நம்ம வீட்டுப் பிள்ள."

இரண்டாவதை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். "ஒதில், உங்க வீட்ல ஒயின் செய்றீங்களா, இல்ல மரத்த ஊறவெச்சுப் பிழியறீங்களா? செவெரின், இதக் கொண்டுபோய்க் குழம்புல ஊத்து."

செவெரினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா மாற்றிச் சொல்லிவிட்டார். ஒதிலைப் பார்த்தாள். தன் ஒயினைத் தெரியாதவரா அவர்? ஆனாலும் ஆலிவ் தின்பதிலேயே மும்முரமாக இருந்தார்.

"முழுசுமாப்பா?"

"ஒரு சொட்டு விடாத."

உண்மையைச் சொன்னால் விருந்தாளி முன்னால் அப்பாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் புட்டி போகும். புட்டியே போகட்டும் என்று, வயிற்றெரிச்சலோடு கொதிக்கும் மாட்டுக்கறிக் குழம்பில் ஊற்றினாள்.

குழம்பு கமகமத்தது. அன்செல்ம் மறுபடியும் கேட்டு வாங்கி, தட்டை ரொட்டியால் துடைத்துத் தின்றார். "பரவால்ல ஒதில், உன் ஒயின் இதுக்காவது ஆச்சு."

"என்னோடதத்தான் நீ கண்ண மூடிக் குடிச்சே, அன்செல்ம்" என்றார் ஒதில் நிதானமாக. "குழம்புல போனது உன்னோடது. மரம் ஜாஸ்தின்னு உன் பொண்ணு சொன்னா கேக்கமாட்டே. இப்ப நீயே சொல்லிட்டே."

அன்செல்மின் கையில் ரொட்டி அப்படியே நின்றது. மகளிடம் திரும்பினார். "தெரிஞ்சேவா ஊத்துன?"

"நீங்கதானே ஒரு சொட்டு விடாதன்னீங்க."

அவர் எழுந்து போனார். கலவைக்கு அளக்கும் கண்ணாடிக் குழாயை அலமாரியிலிருந்து எடுத்து வந்து அவள் தட்டருகே வைத்தார்.

"மரத்தக் கொறச்சுப் பாரு."

பிறகு குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது என் ஒயின். இனிமே யாருக்கும் கெடையாது."